செங்குட்டுவன் சினமும் மாடலன் உரையும்

சிலப்பதிகாரத்தின் மூன்று காண்டங்களுள் திறனாய்வாளரின் கவனத்தைக் குறைவாகவும் மேடைப் பேச்சாளரின் கவனத்தை மிகுதியாகவும் பெற்றது வஞ்சிக் காண்டமாகும். 1892இல் உ. வே. சாமிநாதையர் இக்காப்பியத்தை முழுமையாகப் பதிப்பித்து வெளியிட்ட பின்னர், தமிழரின் பழம்பெருமையை எடுத்துரைக்க முனைந்தோர் பலருக்குச் சேரன் செங்குட்டுவனின் வடநாட்டுப் படையெடுப்பு உவப்பான எடுத்துக்காட்டாயிற்று. கனகன், விசயன் என்னும் வடபுல மன்னரின் முடித்தலை மீது இமயத்துக் கல்லை ஏற்றிக் கொண்டுவந்தான் என்ற ஒரு செய்தியே காண்டம் முழுவதற்கும் சாரமாகக் கொள்ளப்பட்டது. புகார்க் காண்டத்தையும் மதுரைக் காண்டத்தையும் நுணுகி ஆராய்ந்த திறனாய்வாளர் சிலரோ, வஞ்சிக் காண்டத்தைக் கதை முடிந்தபின் வந்த வெறும் புகழுரையென ஒதுக்கினர். இவ்விரு சாராரும் ஒன்றில் ஒத்தவர்கள். அக்காண்டத்தை வெற்றிப் பாட்டாகவே இருவரும் படித்தனர். அவ்வெற்றி ஒரு சாராருக்கு இனித்தது, மற்றவருக்குச் சலித்தது.

ஆனால் இளங்கோவடிகள் அக்காண்டத்தை அமைத்துள்ள முறையை ஊன்றி நோக்குவார்க்கு வேறொன்று புலப்படும். போரைப் பாடும் பகுதி அங்கு மிகச் சிறியது. போருக்கு முன்னரும் பின்னரும் அரசனிடம் பிறர் பேசும் பேச்சே பெரும்பகுதியைக் கொண்டுள்ளது. அரசி பேசுகிறாள், அமைச்சர் பேசுகின்றனர், ஆசான், கணியன், தூதர் ஆகியோர் பேசுகின்றனர், இறுதியில் மாடலன் என்னும் அந்தணன் பேசுகிறான். பிறநாட்டின் மீது படை நடத்தத் துணிந்த ஒரு தலைவனிடம் யார் எதைச் சொன்னார்கள், அவன் எதைக் கேட்டான், எதைக் கேளாது விட்டான் என்பதே வஞ்சிக் காண்டத்தின் உண்மைப் பொருள் எனலாம். அவ்வாறு படிக்குமிடத்து அது வெற்றிப் பாட்டாக நில்லாது, அமைதியை வேண்டும் அறிவுரை எப்போது தோற்கின்றது, எப்போது வெல்கின்றது, வென்றாலும் எத்துணை காலந் தாழ்த்தி வெல்கின்றது என்பதைக் காட்டும் இலக்கியமாகின்றது.

படையெடுப்பின் தோற்றத்தை முதலில் நோக்குதல் தகும். காட்சிக் காதையில், மலைவளங் காணச் சென்ற சேரனுக்குக் குன்றக் குறவர் ஒருமுலை இழந்து விண்ணேகிய பெண்ணின் செய்தியைக் கூறுகின்றனர். சாத்தனார் அதன் வரலாற்றை விளக்குகின்றார். தன் கணவனோடு உயிர்நீத்த பாண்டிமாதேவி, சினத்தோடு சேரநாடு வந்த கண்ணகி ஆகிய இருவருள் வியக்கத்தக்கவள் யார் என்று அரசன் வினவ, நம் நாடு நாடி வந்த இப்பத்தினியை வழிபடுதல் வேண்டுமென அரசி விடை பகர்கின்றாள். இந்த இடம் வரையில் போர் என்ற எண்ணமே எழவில்லை. கடவுளுருவம் சமைக்கக் கல்லொன்று வேண்டும். அது பொதியிற் கல்லாகவும் இருக்கலாம், இமயத்துக் கல்லாகவும் இருக்கலாம். காவிரியிலும் நீராட்டலாம், கங்கையிலும் நீராட்டலாம் என அமைச்சர் கூறுகின்றனர். அருகிலிருக்கும் மலையும் அருகிலிருக்கும் ஆறும் அரசனுக்கு ஏற்கவில்லை. பொதியிற் கல்லைக் காவிரியில் நீராட்டுவது வீரக்குடியிற் பிறந்த மன்னர்க்குச் சிறப்பன்று எனக் கூறி அவன் வடதிசையை நோக்குகின்றான். வழிபாட்டுக்குரிய பொருள், வலிமையை நாட்டுதற்குரிய பொருளாக மாறும் இடம் இதுவே. இம்மாற்றம் ஒரு பேச்சின் நடுவே, எவரும் கவனியாத வகையில் நிகழ்ந்துவிடுகின்றது.

அவையோரும் அதனைக் கவனித்தாரல்லர். வில்லவன் கோதை என்னும் அமைச்சன் அரசனது பழைய வெற்றிகளை எடுத்தோதி, வடபுல வேந்தர்க்கு முன்னறிவித்தலாக முடங்கல் விடுக்கலாம் என்கின்றான். அழும்பில்வேள் என்பானோ முடங்கலே வேண்டாம், பகைநாட்டு ஒற்றர் வஞ்சி வாயிலிலேயே உள்ளனர், முரசறைந்தாற் போதும் என்கின்றான். இருவரும் கருத்து மாறுபடுவது போலத் தோன்றினும், அவர்களது மாறுபாடு நடைமுறை பற்றியதேயன்றி நோக்கம் பற்றியதன்று. போகலாமா என்ற வினா எழவேயில்லை. எவ்வாறு போவது என்பதே அங்கு வாதிக்கப்படுகின்றது. அதிகார பீடத்தைச் சூழ்ந்திருப்போரின் அறிவுரைகள் பெரும்பாலும் இவ்வகையினவே என்பதை இளங்கோ எவ்வித உரைவிளக்கமுமின்றிக் காட்டிவிடுகின்றார்.

கால்கோட் காதையின் தொடக்கத்திலேயே போருக்கான காரணம் மேலும் ஒருமுறை உருமாறுகின்றது. இமயத்திலிருந்து வந்த முனிவர் உணர்த்திய செய்தியாக, வடவரசர் தமிழ் மன்னரை இகழ்ந்து பேசிய பேச்சு அவையில் வைக்கப்படுகின்றது. இப்போது கல் பின்னுக்குத் தள்ளப்பட்டு இகழ்ச்சி முன்னுக்கு வருகின்றது. வடபுல மன்னரின் முடித்தலையில் கடவுட் கல்லை ஏற்றாது என் வாள் வறிதே மீளுமாயின், பகைவரை நடுங்கச் செய்யாது என் குடிகளை நடுங்கச் செய்யும் கொடுங்கோலன் ஆவேனாக என்று செங்குட்டுவன் வஞ்சினம் கூறுகின்றான். இவ்வஞ்சினம் ஆழ்ந்த பொருளுடையது. குடிகளை நடுங்கச் செய்தல் இழிவு என்பதை அறிந்தவன் அவன்; செங்கோலின் இலக்கணத்தை நன்குணர்ந்தவன். எனினும் தன் குடிகளின் வாழ்வையே பிணையாக வைத்துத் தன் மானத்தை அளக்கின்றான். நல்லரசன் ஒருவனே இவ்வாறு பேசுகின்றான் என்பதே இங்கு கருதத்தக்கது. தீயவனொருவன் போருக்கு எழுவதைப் பாடுதல் எளிது. நெறியறிந்தவன் எழுவதைப் பாடுவதே காப்பியப் புலவனுக்குரிய கடமை.

இந்த வேளையிற்றான் அமைதிக்கான முதற்குரல் எழுகின்றது. அவையிலிருந்த ஆசான், ஆத்தி மாலையும் வேப்ப மாலையும் சூடிய சோழ பாண்டியரை அவர்கள் இகழ்ந்திருக்கலாம், உன்னை இகழ்ந்தாரல்லர், உன் சினம் தணிக என்கின்றான். உன் வஞ்சினத்துக்கு எதிர்நிற்க வல்லாரும் உளரோ என்றும் உடன் கூறுகின்றான். நோக்கத்தால் இது நல்லுரை. ஆனால் இதன் கட்டமைப்பிலேயே தோல்வி பொதிந்துள்ளது. இகழ்ச்சி போருக்குப் போதிய காரணமாகாது என்று ஆசான் வாதிடவில்லை. அக்காரணம் இங்கு பொருந்தாது என்றுமட்டுமே வாதிடுகின்றான். அதாவது, சினத்தின் நியாயத்தை ஒப்புக்கொண்டு அதன் இலக்கை மட்டும் மறுக்கின்றான். தணிவிக்க வந்தவனே அரசனின் ஒப்பற்ற வலிமையையும் போற்றுகின்றான். எதிர்ப்பாரே இல்லாத வலிமையை ஒருவனிடம் உண்டென்று சொல்லிவிட்டு, அதனைப் பயன்படுத்தாதே என்று அவனை வேண்டுதல் பயனற்ற செயலாகும். அடுத்த கணமே கணியன் எழுந்து, உலகத்து மன்னரெல்லாம் உன் அடிபணியும் நன்முழுத்தம் இதுவே என அறிவிக்கின்றான். வஞ்சி நகரம் போருக்கு எழுகின்றது. ஆசானின் குரல் அதன்பின் காப்பியத்தில் ஒலிப்பதில்லை.

இரண்டாவது வாய்ப்பு நீலகிரியில் வந்து சேர்கின்றது. சேரன் அங்குப் பாடி வீடமைத்துத் தங்கியிருந்தபோது, நூற்றுவர் கன்னர் விடுத்த தூதனாகச் சஞ்சயன் வருகின்றான். நூற்றுவர் கன்னரைச் சாதவாகன மன்னராகக் கருதும் ஆய்வாளர் பலர். அவர்கள் சேரனின் நண்பர்கள். அவர்களது செய்தி எளிமையானது: சேரன் வடக்கே செல்வது கடவுளுருவம் சமைக்க ஒரு கல்லின் பொருட்டே எனின், இமயத்திற் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டித் தாமே தருவதற்கு அவர்கள் ஆயத்தமாக உள்ளனர். சொல்லப்பட்ட நோக்கம் முழுவதும் ஒரு துளிக் குருதியும் சிந்தாமல் நிறைவேறக்கூடிய நிலை இங்கு உருவாகின்றது.

செங்குட்டுவன் விடையிறுக்கும் முறை இக்காண்டத்தின் அச்சாணி எனலாம். கல் பற்றிய பேச்சையே அவன் விட்டுவிடுகின்றான். பாலகுமாரன் மக்களாகிய கனகனும் விசயனும் நாவடக்கமின்றித் தமிழின் ஆற்றலை அறியாது பேசினர். ஆதலின் இப்படை செல்கின்றது. கங்கையைக் கடக்கக் கலங்களை ஆயத்தஞ் செய்க என நண்பர்க்குச் செய்தி விடுக்கின்றான். கல்லைத் தருவோமென்ற நண்பர், படையைக் கடத்தும் ஓடக்காரராக மாற்றப்படுகின்றனர். கூறப்பட்ட காரணமும் உண்மைக் காரணமும் வேறு என்பதை மெய்ப்பிக்க இதனினும் தெளிவான சோதனை இருத்தல் இயலாது. கேட்ட பொருளைக் கொடுக்க ஒருவன் முன்வரும்போது கேட்டவன் முகம் மலர்கின்றதா வாடுகின்றதா என்பதிலேயே அவன் உண்மையில் எதை விரும்பினான் என்பது வெளிப்படுகின்றது. புகழுரை மட்டுமே பாட விரும்பிய புலவனாயின் சஞ்சயனின் வருகையை இவ்வாறு அமைத்திருக்க வேண்டியதில்லை. தவிர்த்திருக்கக் கூடிய போர் இது என்பதைப் படிப்போர் அறியவேண்டுமென்றே இளங்கோ இக்கட்டத்தை வைத்துள்ளார் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

போர் பதினெட்டு நாழிகையில் முடிந்துவிடுகின்றது. தேவாசுரப் போர், இராமன் போர், பாரதப் போர் ஆகியன முறையே பதினெட்டு ஆண்டும் திங்களும் நாளும் நிகழ்ந்தனவாகச் சொல்லி, அவற்றோடு இதனை ஒப்பிட்டுக் காப்பியம் புகழ்கின்றது. ஆயின் அப்புகழ்ச்சியை அடுத்து வரும் காட்சி வேறு வகையானது. கங்கையின் தென்கரைப் பாடியில் அரசன் களத்தில் வீழ்ந்தோரின் மைந்தர் முதலியோரை அழைத்துப் பொன்னாலான வாகைப் பூக்களை வழங்குகின்றான். அவ்வாறு வழங்குவதற்கே உரிய நேரம் கடந்துபோயிற்று எனக் காப்பியம் கூறுகின்றது. இறந்தோர் தொகையை இளங்கோ எண்ணிக்கையாற் சொல்லவில்லை. அவர்தம் மக்கள் வரிசையாக வந்து முடிவதற்கு ஆன நேரத்தால் உணர்த்துகின்றார். வஞ்சி நீங்கி 32 திங்கள் கழிந்தன எனக் கணியன் அரசனுக்கு நினைவூட்டுவதும் இக்காதையிலேயே. பதினெட்டு நாழிகைப் போருக்கு நாடு கொடுத்த விலை 32 திங்கள்.

மாடலன் இப்பாடியில்தான் சேரன்முன் தோன்றுகின்றான். மாதவி கானல்வரியிற் பாடிய பாட்டு கனக விசயரின் முடித்தலையை நெரித்தது என்று அவன் கூறும் முதற்கூற்று அரசனுக்கே விளங்கவில்லை. பொருள் யாதென வினவுகின்றான். புகார்க் கடற்கரையில் ஒரு மாலைப்பொழுதில் எழுந்த ஊடல், கோவலன் பிரிவு, மதுரைப் பயணம், கொலை, கண்ணகியின் சினம், சேரனின் படையெடுப்பு என ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த நிகழ்ச்சிகளை மாடலன் தொடுத்துக் காட்டுகின்றான். வீரத்தின் விளைவு எனச் சேரன் எண்ணியிருந்த வெற்றி, எங்கோ நிகழ்ந்த ஒரு சிறு பிணக்கின் தொலைதூர விளைவாகச் சுருங்கிவிடுகின்றது. தொடர்பே இல்லாத இரு வடநாட்டு அரசரின் தலைகள் அதற்கு இரையாயின. ஊழ்வினை உறுத்துவந்து ஊட்டும் என்னும் காப்பியக் கொள்கைக்கு இது சான்று என்பது வழக்கமான விளக்கம். அவ்விளக்கம் தவறன்று. எனினும் வெற்றிக் களிப்பிலுள்ள அரசன்முன் இதைச் சொல்லுதல் அவனது பெருமிதத்தின்மேல் இடப்படும் முதல் அடி என்பதும் மறத்தற்குரியதன்று.

மாடலன் கங்கைக்கு வந்த காரணம் இன்னும் முக்கியமானது. கோவலன் கொலையுண்ட செய்தியைப் புகாருக்குக் கொண்டு சென்றவன் அவன். அச்செய்தி கேட்டுக் கோவலனின் தாயும் கண்ணகியின் தாயும் உயிர்நீத்தனர். தன் வாய்ச்சொல்லைக் கேட்டோர் இறந்தமையால் நேர்ந்த பழி நீங்கக் கங்கையாட வந்ததாக அவனே கூறுகின்றான். வஞ்சி அவையிற் பேசிய அமைச்சர் எவரும் தம் சொல்லால் யார் இறப்பர் என்று எண்ணிப் பார்த்தவரல்லர். சொல்லின் விளைவைத் தன் தோளிற் சுமந்தவன் மாடலன் ஒருவனே. அறிவுரை கூறும் தகுதியை இளங்கோ பதவியால் அளக்காமல் இப்பொறுப்புணர்ச்சியால் அளக்கின்றார் எனலாம்.

நடுகற் காதையில் நெருக்கடி மீண்டும் மூள்கின்றது. சிறைப்பட்ட வடவரைச் சோழ பாண்டியர்க்குக் காட்டிவரச் செங்குட்டுவன் நீலன் முதலியோரை அனுப்பியிருந்தான். போர்க்களத்தில் படைக்கலத்தை எறிந்து தவக்கோலம் பூண்டு ஓடியவரைப் பிடித்துவருதல் வெற்றியாகாது எனச் சோழன் கூறுகின்றான். அத்தகையோர்மீது சினங்கொள்ளுதல் இதுவரை கேட்டறியாத புதுமை எனப் பாண்டியன் கூறுகின்றான். செய்தி கேட்ட சேரனின் கண்கள் தழல்நிறங் கொள்கின்றன, அவன் நகைக்கின்றான். சினத்திற் பிறந்த அந்நகை அடுத்த போரின் அறிகுறி.

இந்நிகழ்ச்சியின் முரண் ஊன்றி நோக்கத்தக்கது. தமிழ் மன்னரை இகழ்ந்தார் என்பதற்காகவே வடக்கே படை சென்றது. இகழப்பட்டோர் சோழ பாண்டியரே, நீயல்லை என ஆசான் அன்று கூறினான். யாருடைய மானத்தைக் காத்ததாகச் சேரன் கருதினானோ, அவர்களே இப்போது அவனை இகழ்கின்றனர். தமிழின் ஆற்றலை நாட்டப் புறப்பட்ட படை, தமிழகத்தின்மீதே திரும்பும் நிலை உருவாகின்றது. பிறநாட்டில் பெற்ற வெற்றி உள்நாட்டில் அமைதியைத் தருவதில்லை. அது அங்கீகாரத்தை வேண்டி நிற்கின்றது. அங்கீகாரம் கிடையாதபோது புதிய பகையைத் தேடுகின்றது. வடநாட்டுப் படையெடுப்பைத் தமிழின ஒருமைப்பாட்டின் சின்னமாக எடுத்துக்காட்டுவோர் இக்கட்டத்தைப் பெரும்பாலும் பேசாது விடுவது வியப்பன்று.

மாடலன் பேசத் தொடங்குவது இவ்வேளையிலாகும். அவனது உரையின் வாத ஒழுங்கு மிகுந்த நுட்பமுடையது. அரசனின் முன்னோர் செய்த அருஞ்செயல்களை அவன் முதலில் அடுக்குகின்றான்: கடலிற் கடம்பு எறிந்தவன், இமயத்தில் விற்பொறித்தவன், புலவனுக்கு விண்ணுலகு அளித்தவன் எனப் பட்டியல் நீள்கின்றது. கேட்போர்க்கு இது வழக்கமான அரச புகழ்ச்சியாகவே தோன்றும். ஆனால் பட்டியலின் முடிவு வேறு: அவர்களுள் எவரும் இன்று இல்லை. யாக்கை நில்லாது என்பதற்கு அவர்களே சான்று. புகழ்ச்சியின் வடிவத்தையே எடுத்து அதன் உள்ளீட்டை மாற்றிவிடும் திறன் இது. ஆசான் புகழ்ந்து தோற்றான். மாடலன் அப்புகழையே வாதமாக்கி வெல்கின்றான்.

அடுத்துச் செல்வம் நில்லாது என்பதற்கு அவன் காட்டும் சான்று, தோற்ற வடவரசரே. தமிழை இகழ்ந்த அம்மன்னரின் வாழ்வில் நீயே அதைக் கண்டாயல்லையா என வினவுகின்றான். சேரன் தன் வெற்றியாகக் கண்டதை மாடலன் நிலையாமையின் கண்ணாடியாக அவன்முன் பிடிக்கின்றான். அவர்களுக்கு நேர்ந்தது உனக்கும் நேரலாம் என்பதை நேரடியாகச் சொல்லாமலே உணர்த்துகின்றான். இளமை நில்லாது என்பதற்கு அரசனின் நரைத்த யாக்கையே போதும். உயிர் ஓருடலிலேயே நிலைத்திராது, வேடம் மாறி ஆடும் கூத்தனைப் போன்றது என்ற உவமை தொடர்கின்றது. இவ்வுவமையின் பொருத்தம் எளிதிற் கண்ணிற் படுவதன்று. சற்று முன்னரே அரசன் பறையூர்க் கூத்தச் சாக்கையன் ஆடிய கொட்டிச்சேதம் என்னும் ஆடலைத் தேவியோடு கண்டு மகிழ்ந்திருந்தான். அரசனின் கண்ணில் இன்னும் மறையாத காட்சியொன்றிலிருந்தே மாடலன் தன் உவமையை எடுக்கின்றான்.

இவற்றின் பின்னரே குற்றச்சாட்டு வருகின்றது. உலகங் காக்கும் பொறுப்பேற்று 50 ஆண்டு கடந்த பின்னும் அறத்துக்குரிய வேள்வியைச் செய்யாது போர்க்கள வேள்வியையே செய்துவந்தாய் என்கின்றான். பரிசில் வேண்டி இவற்றைக் கூறவில்லை என்றும் சேர்க்கின்றான். கங்கைக் கரையில் அரசன் தன் நிறையளவாக 50 துலாம் பொன் வழங்கியபோது அதனைப் பெற்றுக்கொண்டவன் இவனே. ஆயின் இப்போது தன் உரைக்கு விலையில்லை என்பதைத் தெளிவாக்கவேண்டிய கட்டாயம் அவனுக்கு உள்ளது. அறத்தை நாளைச் செய்வோம் என எண்ணினால் உயிர் இன்றே நீங்கவுங் கூடும் என்ற எச்சரிக்கையோடு அவன் உரை நிறைவை நோக்கிச் செல்கின்றது.

இவ்வுரை ஏன் வென்றது? அரசனின் சினம் நியாயமற்றது என்று மாடலன் ஓரிடத்திலும் வாதிடவில்லை. சோழ பாண்டியர் சொன்னது சரியா பிழையா என்ற வழக்கினுள் அவன் நுழையவேயில்லை. அந்த இகழ்ச்சிக்கு விடையிறுப்பதைவிடப் பெரிய பணியொன்று அரசனுக்கு எஞ்சியுள்ளது என்பதை மட்டுமே நிலைநாட்டுகின்றான். பின்வாங்குதல் இழிவு என்று கருதும் தலைவனுக்குப் பின்வாங்கத் தேவையில்லாத வேறொரு வழியைத் திறந்து காட்டுகின்றான். வாளைக் கீழே வைக்குமாறு கேட்பதற்குப் பதிலாக, வேறொன்றைக் கையிலெடுக்குமாறு கேட்கின்றான்.

புறநானூற்றின் 45ஆம் பாடலோடு இதனை ஒப்பிடுதல் பயன்தரும். உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளிக்கும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளிக்கும் கோவூர்கிழார் கூறியது வேறு வகையான வாதம். இருவரும் சூடியது ஆத்தி மாலையே. எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடி. இப்போர் பிற வேந்தர்க்கே மகிழ்ச்சி தரும் என்றார் அவர். எதிரே நிற்பவன் அயலானல்லன் என்பதை உணர்த்துவதே கோவூர்கிழாரின் நெறி. 46ஆம் பாடலில் மலையமான் மக்களை யானைக்காலிற் கிடத்தவிருந்த கிள்ளிவளவனுக்கு, யானையைக் கண்டு அழுகை மறந்த அக்குழந்தைகளின் முகத்தையே அவர் காட்டுகின்றார். கோவூர்கிழார் அரசனைப் பிறர் முகத்தை நோக்கச் செய்கின்றார். மாடலன் அரசனைத் தன் முகத்தையே நோக்கச் செய்கின்றான். அறத்தின் அளவுகோலில் முன்னையதே உயர்ந்தது. மாடலன் உரையில் கங்கைக் கரையில் வீழ்ந்த வீரர் இல்லை. தந்தையை இழந்த மைந்தர் இல்லை. அரசனின் மறுமையே அங்கு வாதத்தின் மையம். இக்குறையை மறைத்தல் திறனாய்வாகாது.

மாடலன் உரை பற்றி எழக்கூடிய மற்றோர் ஐயத்தையும் எதிர்கொள்ளுதல் வேண்டும். போருக்கு மாற்றாக அவன் வேண்டுவது வைதிக வேள்வி, வேண்டுபவன் அந்தணன். ஆதலின் இது அமைதியுரை ஆகாது, அரச ஆதரவைப் புரோகித வர்க்கத்தின்பால் திருப்பும் முயற்சியே என வாதிக்க இடமுண்டு. சமூகப் பின்னணியை நோக்கும் திறனாய்வாளர் இவ்வினாவை எழுப்புவது முறையே. ஆயின் உரையின் பயனையும் உடன் நோக்கவேண்டும். மாடலன் பேசியதும் அரசனின் ஆணைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறக்கின்றன. வேள்விக்கு ஏற்பாடு செய்யப்படுகின்றது, சிறைப்பட்ட ஆரிய மன்னர் விடுவிக்கப்பட்டு வேளாவிக்கோ மாளிகையில் விருந்தினராகத் தங்கவைக்கப்படுகின்றனர், வேள்வி முடிந்தபின் அவர்களைத் தம் நாட்டுக்கு அனுப்பும் பணி வில்லவன் கோதையிடம் ஒப்படைக்கப்படுகின்றது, நாடெங்கும் சிறைக்கோட்டங்கள் திறக்கப்படுகின்றன, இறை நீக்கப்படுகின்றது. சோழ பாண்டியர்மீது படை செல்லவில்லை. போருக்கு முடங்கல் விடுக்கச் சொன்ன அதே அமைச்சன் சிறைமீட்கும் பணிக்கு அனுப்பப்படுதல் தற்செயலாக அமைந்ததன்று. வேள்வி யாருக்குப் பயன்பட்டது என்ற வினா நிற்கட்டும். சிறைக்கதவு திறந்தமை சிறைப்பட்டோர்க்குப் பயன்பட்டது என்பதில் ஐயமில்லை.

எஞ்சுவது காலந் தாழ்ந்தமை என்னும் குறையே. இது சேரனுக்கு மட்டும் உரிய குறையன்று. அண்மைக்கால வரலாறும் இதற்குச் சான்று தருகின்றது. 1965 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்காவின் உப ஜனாதிபதி ஹியூபேட் ஹம்பிரி, வியட்நாம் போரை விரிவாக்க வேண்டாமென ஜனாதிபதி லின்டன் ஜோன்சனுக்கு எழுத்து மூலம் அறிவுறுத்தினார். அதன் பயனாக அப்போர் பற்றிய ஆலோசனைகளிலிருந்து அவர் ஒதுக்கப்பட்டார். அவ்வாண்டு யூலை முதலாம் நாள் ஜோர்ஜ் போல், பெருந்தொகையான படையினர் களமிறங்கி உயிரிழக்கத் தொடங்கிவிட்டால் மீளுதல் ஏறத்தாழ இயலாததாகிவிடும் என எழுதினார். யூலை 28இல் வியட்நாமிலுள்ள படையினரை 75,000 இலிருந்து 125,000 ஆக உயர்த்துவதாக ஜோன்சன் அறிவித்தார். 1968 மார்ச்சில், முன்னர் போரை ஆதரித்த டீன் அச்சிசன் முதலிய மூத்த ஆலோசகர்களே இனி வெல்ல இயலாது என்று கூறியபின், மார்ச் 31இல் வட வியட்நாமின் பெரும்பகுதி மீதான குண்டுவீச்சை நிறுத்துவதாகவும் தாம் மீண்டும் தேர்தலில் நிற்கப் போவதில்லை எனவும் அவர் அறிவித்தார். இவ்விரு அறிவிப்புகளுக்கும் இடைப்பட்ட காலமும் 32 திங்களே. எண் ஒத்தமை தற்செயலானது. இயல்பு ஒத்தமை தற்செயலானதன்று. போருக்கு முன் சொல்லப்படும் நல்லுரை தலைவனின் வலிமையை ஐயுறுவதாகத் தோன்றுகின்றது. போருக்குப் பின் அதே உரை அனுபவத்தின் குரலாகக் கேட்கின்றது. இடையில் மாண்டவர்களே அவ்வுரைக்கு நம்பகத்தன்மையை ஈட்டித் தருகின்றனர். 1968இன் பின்னும் அப்போர் 1975 வரை தொடர்ந்தது என்பதையும், 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கரும் அவரினும் பன்மடங்கான வியட்நாமியரும் அதில் மாண்டனர் என்பதையும் நினைவிற் கொண்டால், மாடலன் உரை ஒரே நாளிற் பயன்தந்தமை காப்பியத்துக்கே உரிய பேறு என்பது விளங்கும்.

இக்காண்டம் ஈழத்தோடு கொண்டுள்ள தொடர்பும் இவ்வகையிற் புதுப்பொருள் பெறுகின்றது. வரந்தரு காதையில் பத்தினிக் கோட்டத்தில் கூடி நின்றோருள் சிறைநீங்கிய ஆரிய மன்னரும் கடல்சூழ் இலங்கைக் கயவாகுவும் அடங்குவர். தன் நாட்டுக்கும் அத்தெய்வம் எழுந்தருள வேண்டுமெனக் கயவாகு வேண்டுகின்றான். அவன் இலங்கையிற் கோட்டமெடுத்து ஆடித் திங்களில் விழாக் கொண்டாட, மழை பெய்து நாடு செழித்தது என்று காப்பிய முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரை கூறுகின்றது. இதே கயவாகுவைப் பிற்காலச் சிங்கள நூலாகிய இராஜாவலிய வேறு விதமாக நினைவுகூர்கின்றது. அங்கு அவன் கடல்கடந்து சோழநாடு சென்று, சிறைப்பட்டிருந்த 12,000 பேரை மீட்டதோடு மேலும் 12,000 பேரைச் சிறைப்பிடித்து வந்த வீரன். பழைய மகாவம்சத்தில் இப்படையெடுப்புப் பற்றிய செய்தி இல்லை. இதனை வரலாறாகக் கொள்ளாது தொன்மமாகவே ஆராய்ந்தவர் கணநாத் ஒபயசேகர. ஓர் அரசன், இரு நினைவுகள்: ஒன்றில் அவன் அயல்நாட்டு விழாவுக்கு வந்த விருந்தினன், மற்றதில் அயல்நாட்டைப் பணியவைத்த வெற்றியாளன். தமிழ்ப் பேச்சாளர் கனக விசயரின் தலைமேற் கல்லை நினைவுகூர்வதும், சிங்களப் பேச்சாளர் 24,000 பேரின் அணிவகுப்பை நினைவுகூர்வதும் ஒரே மனப்பான்மையின் இரு வடிவங்களேயாகும். கண்ணகியாகவும் பத்தினியாகவும் இருமொழி மக்களும் இன்றுவரை வழிபட்டுவரும் தெய்வம், இவ்விரு அணிவகுப்புகளாலும் இத்தீவில் நிலைபெற்றதன்று. மழையையும் விளைச்சலையும் பிணிநீக்கத்தையும் வேண்டிய எளிய மக்களால் நிலைபெற்றது.

ஆதலின் வஞ்சிக் காண்டத்தைக் கால்கோட் காதையோடு மூடிவைப்போர் அதனைப் பாதியே படித்தவராவர். சினத்தைப் பாடிய இளங்கோ அது தணிந்ததையும் பாடியுள்ளார். சிறைப்படுத்தியதைப் பாடியவர் விடுவித்ததையும் பாடியுள்ளார். ஆசானைப் போலப் புகழ்ந்து தணிவிக்க முயல்வோரும், அழும்பில்வேளைப் போல முரசறையச் சொல்வோரும், கணியனைப் போல நல்வேளை குறித்துத் தருவோரும் எந்நாட்டு அவையிலும் எக்காலத்திலும் உளர். சஞ்சயன் கல்லைத் தரவந்த நாளில் மாடலன் நீலகிரியில் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்ற வினாவைக் காப்பியம் கேட்கவில்லை. அதனைக் கேட்கும் பொறுப்பு அதைப் படிப்போரைச் சார்ந்தது.